கேட்டால் சொல்லுவார்

அண்ணாச்சி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பதினோரு வருஷம் அவரை அன்றாடம் பார்த்தவள் சொல்கிறேன். சாத்தூரில் மனை, வீடு, தோட்டம் வாங்கி விற்றுத் தருகிற புரோக்கர் ஒருவர் பொய்யே சொல்ல மாட்டார் என்றால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவரிடம் சூடுபட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். அவர்களில் ஒருத்தியை அவரிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டவள் நான்தான்.

பத்திர ஆபீசுக்கு எதிர்ச் சாரியில் எனக்கு ஒரு சின்னக் கடை. டைப் அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது. என் வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்ட வருஷம் இந்த ரூமைப் பிடித்துக் கொடுத்தவர் அண்ணாச்சி. அன்றைக்குத்தான் அவருடைய குணத்தை முதலில் பார்த்தேன். ரூமைத் திறந்து காட்டிவிட்டு ஓரமாக நின்றார். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா, கையில் மடக்குக் குடை. நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன், ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை.

"இதுல ஏதும் கோளாறு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

கண்ணை மூடி யோசித்தார். "இருக்கு" என்றார்.

"என்ன கோளாறு?"

"ஐப்பசியில ஒழுகும்."

"எந்த மூலையில?"

"கெழக்கு மூலையில."

"வேற?"

"வேற இல்ல தங்கச்சி."

மேற்கு மூலையில் கம்ப்யூட்டரை வைத்தேன். ஐப்பசியில் கிழக்கு மூலை சொன்னபடி ஒழுகியது. மற்ற இடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. கமிஷன் எவ்வளவு என்று கேட்டதற்கு, "வீட்டுக்காரர் எந்திரிக்கட்டும், பெறகு பாப்போம்" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அண்ணாச்சி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவரை என் கூடப் பிறந்தவராக நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பை முழுக்கத் துடைத்துப்போட முடியவில்லை.

கேட்டால் சொல்லுவார். கேட்கவில்லை என்றால் சொல்ல மாட்டார். இவ்வளவுதான் அவர். விருதுநகரிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தோட்டம் பார்க்க வந்தபோது நான் கூட இருந்தேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு. கோடையில் வற்றுமா? வத்தாது. வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம், அங்கேயே அட்வான்ஸைக் கொடுத்துவிட்டார். வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் அது உப்புத் தண்ணீர் என்று தெரிந்தது. வாத்தியார் குதியாகக் குதித்துக்கொண்டு என் கடை வாசலுக்கே வந்துவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி டீயைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "நல்ல தண்ணியான்னு நீங்க கேக்கலியே சார். கேட்டிருந்தா சொல்லிருப்பேனே." வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

இதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. அண்ணாச்சியோடு இடம் பார்க்கப் போகிறவர்கள் கேள்வி கேட்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். குடும்பத்தில் எதையும் நோண்டி நோண்டிக் கேட்கிற சித்தப்பாவோ, பெண் பார்க்கப் போன இடத்தில் வம்பு பண்ணிய மாமாவோ, யாராவது ஒருவர். வீட்டில் ஒருவரும் கேட்காத அவர்கள் பேச்சுக்கு அன்றைக்கு ஒரு நாள் மரியாதை. இன்னும் விவரமானவர்கள் பழைய தலையாரி ஒருவரைக் கூப்பிடுவார்கள். கிராம அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், அளவுக் கல் முதல் சுடுகாட்டுப் பாதை வரை ஒன்றையும் விடாமல் கேட்பார். அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

அவர் கேட்டுக் கேட்டு ஒரு தடவை ஒன்றைப் பிடுங்கினார். "இந்த மனைக்கு முன்னால உள்ள காலி எடத்துல யாரும் பாத்தியம் கொண்டாடுவாகளா?"

"கொண்டாடுவாக."

"யாரு?"

"மாரியாத்தா. வருசத்துல ஒரு நாள் சப்பரம் இந்த வழியாத்தான் போகும். காம்பவுண்டு கட்டினா இடிச்சிருவாக."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். வாங்க வந்தவர்கள் மூன்றடி தள்ளிச் சுவர் கட்டிக்கொள்வதாகச் சொல்லி விலையைக் கொஞ்சம் குறைத்து முடித்தார்கள். எங்களுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. அவர் மறைப்பார், நாங்கள் கண்டுபிடிப்போம். நன்றாகக் கேட்டவன் ஜெயிப்பான்.

ஒரு நாள் நானே கேட்டேன். "நீங்களாச் சொன்னா என்ன அண்ணாச்சி? முத்தா உதுந்துரும்?"

"கொற இல்லாத எடம் எங்கன இருக்கு தங்கச்சி? அம்புட்டையும் நானே சொன்னா ஒரு செண்டு விக்காது. கேட்டாப் பொய் சொல்றேனா? சொல்லலைல்ல. அது போதும்."

வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் மனைவி சொல்லுவார். ஒரு தடவை அண்ணாச்சி வெயிலில் இருந்து வந்து பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை ஏன் இப்படி நனைந்திருக்கிறது என்று மதினி கேட்டிருக்கிறார். வேர்வை. ஏன் இவ்வளவு வேர்வை? நெஞ்சு வலிக்கு. எப்போதிருந்து? காலையிலருந்து. "நான் சட்டையக் கவனிக்கலன்னா அன்னைக்குப் போயே சேந்திருப்பாரும்மா" என்று மதினி என்னிடம் சொல்லும்போது பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக இருந்தது. அதைக் கேட்ட பிறகு, இது வியாபாரத் தந்திரம் இல்லை, மனிதர் பிறவியிலேயே இப்படித்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவுக்கு வராமல் இருந்திருக்கலாம்.

அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. லே-அவுட் போட்டு மனை விற்கிறவர்கள் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அதை விற்றுக் கொடுக்கிற புரோக்கர்களும் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும் என்றார்கள். நம்பர் இல்லாத ஆளைப் பெரிய லே-அவுட்காரர்கள் வாசலுக்குள்ளேயே விடவில்லை. கொஞ்ச நாள் அண்ணாச்சி பழைய வீடு, தோட்டம் என்று ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு மஞ்சள் பையில் எல்லாப் பேப்பரையும் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

விண்ணப்பம் போட இரண்டு நாள் ஆனது. பெயர், தகப்பனார் பெயர், பான் கார்டு, மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு, போட்டோ, விலாசத்துக்கு அத்தாட்சி, வழக்கு ஏதும் உண்டா, இதற்கு முன் பதிவு ரத்தானது உண்டா. ஒவ்வொரு கேள்வியையும் நான் தமிழில் வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. வழக்கு என்றதும், இருபது வருஷத்துக்கு முன்னால் லைட் இல்லாமல் மொபெட் ஓட்டி அபராதம் கட்டியதைச் சேர்க்கச் சொன்னார். அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொன்னாலும் கேட்கவில்லை.

"அரசாங்கம் நல்லாக் கேக்கான் தங்கச்சி. நம்ம தலையாரிய விட நல்லாக் கேக்கான்" என்றார்.

நம்பர் வந்த அன்று சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். இனிப்பு வாங்கி வந்து பத்திர ஆபீஸ் வாசல் முழுக்கக் கொடுத்தார். விசிட்டிங் கார்டில் நம்பர், மொபெட் முன்னால் நம்பர், குடையின் கைப்பிடியில்கூட ஒரு சின்ன ஸ்டிக்கர். அதையும் நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். அந்த வட்டாரத்தில் முதலில் நம்பர் வாங்கிய புரோக்கர் அவர்தான். ஆசிரியர்கள், நர்சுகள், கம்பெனி சூப்பர்வைசர்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் எல்லோரும் அவரைத் தேடி வந்தார்கள்.

எனக்கு அப்போது உறைக்காத ஒன்று இருக்கிறது. நம்பர் வந்த பிறகு ஜனங்கள் கேள்வி கேட்க ஆள் கூட்டி வருவதை நிறுத்திவிட்டார்கள். அரசாங்கமே விசாரித்துத்தானே நம்பர் கொடுத்திருக்கிறது, நாம் என்ன தனியாகக் கேட்பது என்ற எண்ணம். கார்டைப் பார்ப்பார்கள், நம்பரை போனில் தட்டிப் பார்ப்பார்கள், பேர் வந்ததும் திருப்தியாகிவிடுவார்கள். தலையாரி டீக்கடைப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். அண்ணாச்சி மட்டும் மாறவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

எஸ்தர் அந்தச் சமயத்தில்தான் இடம் தேடினாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், என் வீட்டுக்காரரைக் கடைசி வரைக்கும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவள். அவளுடைய வீட்டுக்காரர் செல்வராஜ் பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை ரூமில் வேலை பார்த்தவர். அந்த ரூம் வெடித்தபோது உள்ளே இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் பிழைத்தார். முதுகில் பட்ட காயம் ஆறிவிட்டது. சத்தம்தான் ஆறவில்லை. ஒரு தட்டு கீழே விழுந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். அவர்கள் குடியிருந்ததோ நாரணாபுரத்தில், சுற்றிலும் கம்பெனி. எஸ்தர் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை. அந்த மனிதர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

"யாரை நம்பிக்கா போக?" என்று என்னிடம் கேட்டாள்.

"அண்ணாச்சிகிட்டப் போ. நம்பர் இருக்கு. நானே அப்ளை பண்ணினதுதான்" என்றேன்.

செல்வராஜின் நிலைமையை அண்ணாச்சியிடம் நானே போனில் சொன்னேன். சத்தம் இல்லாத இடமாகப் பாருங்கள் என்றும் சொன்னேன். "சரி தங்கச்சி" என்றார். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சாத்தூருக்குத் தெற்கே ஓர் ஓடைக்கரையில் புது லே-அவுட். அப்ரூவல் இருந்தது, ஆணையத்தின் பதிவு இருந்தது, வில்லங்கம் சுத்தமாக இருந்தது. கம்பெனி ஒன்றும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. தீபாவளிக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இடம் பார்க்க நானும் போயிருந்தேன். எஸ்தர் ரோடு கேட்டாள், தண்ணீர் கேட்டாள், பேங்க் லோன் கிடைக்குமா என்று கேட்டாள். மூன்றுக்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் வந்தது. செல்வராஜ் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு வேலிக்கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குயில் கூப்பிட்டது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"எம்புட்டு அமைதியா இருக்குக்கா" என்று எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

தை மாதம் வேலை தொடங்கி ஆடிக்குள் வீடு எழும்பிவிட்டது. பாதர் வந்து ஜெபம் பண்ணி, எல்லோருக்கும் பிரியாணி போட்டுக் குடியேறினார்கள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ சாயங்காலம் எஸ்தர் போன் பண்ணினாள். பின்னால் டமார் டமாரென்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஆட்டோ பிடித்துப் போனேன். செல்வராஜ் புதுக் கட்டிலுக்கு அடியில், தரையில் முகத்தை அழுத்திக்கொண்டு கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது.

விசாரித்தால் விஷயம் ஊருக்கே தெரிந்த விஷயம். ஓடைக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்குப் பின்னால், பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு ஒரு பொட்டல் இருக்கிறது. தீபாவளி சீசன் நெருங்கினால் வடக்கே இருந்து வரும் வியாபாரிகளுக்குப் புது ரகங்களைச் சாம்பிள் என்று அங்கேதான் வெடித்துக் காட்டுவார்கள். வாரத்தில் நாலைந்து சாயங்காலம் நடக்கும். வீடு கட்டிய கொத்தனாரைக் கேட்டேன். "அதுவா? சாம்பிள் போடுறாகக்கா. இதப் போயி யாரு சொல்லுவா?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெடிச் சத்தம் ஒரு சத்தமே இல்லை. காக்கா கத்துகிற மாதிரிதான்.

மறுநாள் காலை அண்ணாச்சி டீக்கடைக்கு வரும்வரை காத்திருந்தேன்.

"அந்தப் பொட்டல்ல சாம்பிள் போடுறது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"எட்டுப் பத்து வருசமா."

"செல்வராஜப் பத்தி ஒங்ககிட்ட நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"பெறகு ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"அந்தம்மா ரோடு கேட்டாக, தண்ணி கேட்டாக, லோனு கேட்டாக. சத்தம் வருமான்னு கேக்கல. அமைதியா இருக்குன்னு அவுகளாத்தான் சொன்னாக."

அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் வயது, எனக்குச் செய்த உதவி, ஒன்றையும் பார்க்கவில்லை. "நம்பர் வாங்கினவன் கேட்டாலும் கேக்காட்டியும் சொல்லணும்னுதான் சட்டமே இருக்கு. வாங்குறவுகளுக்குச் சேர வேண்டிய தகவல் எல்லாத்தையும் நீங்கதான் கையில சேக்கணும். ஒங்க சர்டிபிகேட்லயே போட்டிருக்கு, வாசிச்சுப் பாருங்க" என்றேன். உண்மையில் அதை நானே முந்தின நாள்தான் முழுசாக வாசித்திருந்தேன். லேமினேட் பண்ணும்போது நம்பரை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அண்ணாச்சி சட்டைப் பையில் இருந்த கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டார். பதில் தெரியாமல் அவர் ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்லாமல் கடைக்கு வந்துவிட்டேன்.

ஆணையத்துக்கு எஸ்தரின் புகாரை நான்தான் டைப் அடித்தேன். அவருடைய பதிவு நம்பரை ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து எழுத வேண்டிய தேவை எனக்கு இல்லை, மனப்பாடமாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்து வீடியோவில் விசாரணை என்று தகவல் வந்தது. எஸ்தர் வீட்டில் நெட் கிடையாது, அண்ணாச்சிக்கு போனில் பேசத்தான் தெரியும். கடைசியில் இரண்டு பேருமே என் கடைக்குத்தான் வந்தார்கள். வாதி பிரதிவாதி இருவரும் ஒரே பெஞ்சில், ஒரே கேமராவுக்கு முன்னால். செல்வராஜும் வந்திருந்தார், வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் விசாரித்தார். லே-அவுட் பதிவானதா? ஆமாய்யா. பேப்பர் எல்லாம் கொடுத்தீர்களா? கொடுத்தேன். பொய்யான தகவல் ஏதும் சொன்னீர்களா? இல்லை. எஸ்தரிடம், சத்தத்தைப் பற்றி அவரிடம் கேட்டீர்களா என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அந்தப் பொட்டல் லே-அவுட்டுக்குள் வரவில்லை, எந்த வரைபடத்திலும் இல்லை, கம்பெனியும் உங்கள் வீட்டுக்குச் சட்டப்படியான தூரத்தில்தான் இருக்கிறது, இதில் தரகர் செய்த தவறு என்ன என்று எனக்குத் தெளிவாகவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். புகார் நிற்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பக்கத்துக் கடைக்காரர் சாப்பாட்டுக்குப் போக ஷட்டரை இழுத்து விட்டார். தடாலென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஸ்டூல் கிடக்கிறது, செல்வராஜைக் காணோம். அவர் ஜெராக்ஸ் மிஷினுக்கு அடியில் இருந்த சந்துக்குள் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். பல் கிட்டித்துப் போயிருந்தது. எஸ்தர் கேமராவை மறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஷட்டருதான்" என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பெஞ்சில் இருந்து எழுந்து நின்றுகொண்டு பார்த்தார். நான் பத்துத் தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். கண்ணால் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"வேறு ஏதும் சொல்ல வேண்டியது இருக்கா?" என்று அதிகாரி எஸ்தரைப் பார்த்துத்தான் கேட்டார்.

அண்ணாச்சி கேமராவுக்கு முன்னால் வந்தார். "ஐயா, நீங்க என்னையக் கேக்கல. நானாச் சொல்றேன். இந்தம்மா புதன்கெழம சாயங்காலம் டூட்டி முடிச்சு எடம் பாக்க வரேன்னாக. நான்தான் வேண்டாம், ஞாயித்துக்கெழம காலையில வாங்கன்னேன். ஞாயித்துக்கெழம கம்பெனி லீவு, சாம்பிள் போட மாட்டாக. அது தெரிஞ்சுதான் சொன்னேன். அந்தத் தம்பிக்குச் சத்தம் ஆகாதுன்னும் தெரியும்."

எஸ்தர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறைப்பதும் கண்டுபிடிப்பதும் விளையாட்டு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே, அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் எங்களுக்காகத் தேடி எடுத்து வைத்திருந்தார். எத்தனை பேருக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பிறவிக் குணம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

பதிவு ரத்தானது. கமிஷனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மொபெட்டில் இருந்த நம்பரைத் தானே சுரண்டி எடுத்தார். ஆனால் வீடு அங்கேதானே இருக்கிறது, பொட்டலும் அங்கேதானே இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அவர்கள் நிலத்தில் அவர்கள் லைசென்சில் போடுகிறார்கள், அதைத் தடுக்க எந்த ஆணையமும் இல்லை. வீட்டை விற்றுவிட்டு, கம்பெனியே இல்லாத ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போவது ஒன்றுதான் வழி என்று எஸ்தர் முடிவு பண்ணினாள்.

இங்கேதான் அண்ணாச்சி மாறிப்போனார். வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டத் தொடங்கினார். கேட்டவர், கேட்காதவர், எல்லோரிடமும். பத்திர ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி, அந்தக் கிணறு உப்பு, இந்த மனையில் சப்பரம் போகும், அந்த வீட்டுச் சுவருக்கு அஸ்திவாரம் பத்தாது என்று சொன்னார். அவர் விற்றதையும் விற்காததையும் சேர்த்துச் சொன்னார். முக்கியமாக ஓடைக்கரை லே-அவுட். அங்கே இடம் பார்க்க யார் வந்தாலும் மொபெட்டில் பின்னாலேயே போய்விடுவார். "அங்கன சாயங்காலம் சாம்பிள் போடுவாக. காது அடைச்சுப் போகும். கேட்டுட்டு வாங்குங்க." பத்திர ஆபீசில் எல்லோரும் அவரை மெச்சினார்கள். மனுசன் திருந்திட்டாருப்பா என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், மூன்று வாரம் வரைக்கும்.

எஸ்தர் வீட்டைப் பார்க்க வந்த நாலு பேரும் வாசலோடு திரும்பிப் போனார்கள். நாலு பேரையும் திருப்பியது அண்ணாச்சிதான்.

டூட்டிச் சேலையோடு எஸ்தர் என் கடைக்கு வந்தாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. செல்வராஜ் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகிறது என்றாள். "அக்கா, அவரக் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்கக்கா" என்றாள். "ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். ஒரே ஒரு தடவ பேசாம இருக்கச் சொல்லுங்க."

இந்த ஊரிலேயே நியாயமான பெண் யார் என்று என்னைக் கேட்டால் எஸ்தரைத்தான் சொல்லியிருப்பேன். இப்போதும் அவளைத்தான் சொல்லுவேன்.

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மதினி காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பேசிக் கடைசியில் சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவர்களிடம் அந்த வீட்டைப் பற்றி வேண்டாம். அவர் பழையபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தம்மா சொல்லச் சொன்னாகளா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒனக்கும் அது சரின்னு படுதா?"

"செல்வராஜு அந்த வீட்டுல இன்னொரு சீசன் இருக்க முடியாது அண்ணாச்சி."

"நான் ஒண்ணு கேட்டேன். நீ வேற ஒண்ணுக்குப் பதில் சொல்ற."

காபி ஆறிப்போயிருந்தது. அதை எடுத்துக் குடித்து முடித்தேன். "சரி தங்கச்சி. இனிமே அந்தப் பக்கம் வரல" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்புகிறவர், அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு அவர் பத்திர ஆபீஸ் பக்கமே வரவில்லை. கோவில்பட்டியில் மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே போய்ப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

மாசி மாதம் வீடு விலை போனது. வாங்கியவர்கள் புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேருமே வாத்தியார் வேலை, சின்ன வயசு, திருநெல்வேலிப் பக்கம். காலைப் பொழுதில் வந்து பார்த்து, பிடித்துப்போய், அடுத்த வாரமே முடித்துவிட்டார்கள். எஸ்தர் ஊரை விட்டுப் போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். செல்வராஜ் பஸ்ஸுக்குள் இருந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

பத்திரப் பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், பேங்க் லோன் பேப்பரை எல்லாம் வீடு வாங்குகிற அந்தப் பெண் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தாள். இடுப்பில் ஆறேழு மாதக் குழந்தை, தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பேப்பராகக் கொடுத்துக்கொண்டே, "ஒங்களுக்கு அந்தப் பக்கம் தெரியுமாக்கா?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"ஸ்கூல் வேன் உள்ள வரைக்கும் வருமா?"

"வரும்மா. வாசலுக்கே வரும்."

பேப்பரைப் பின் அடித்துக் கவருக்குள் போட்டேன். அவள் வேறு ஏதாவது கேட்பாள் என்று கவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவள் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, கவரை வாங்கிக்கொண்டு போனாள்.